மேட்ச் ரெடி, சனிக்கிழமை வா

எங்கள் ஊரில் மேட்ச் என்றால் தீப்பெட்டி. மேட்ச் கம்பெனி, மேட்ச் லோடு, மேட்ச் ஆர்டர் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கால்பந்துக்கும் அதே மேட்ச்தான். எந்த மேட்ச் என்று யாரும் கேட்டதில்லை. பேசுகிறவன் கையில் பந்து இருக்கிறதா பசை இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தந்தியில் கை தெரியாது. இந்தச் சின்ன விஷயம் அந்த மாசி மாதம்தான் எனக்கு உறைத்தது.

அப்போது மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்தேன். எம். புதுப்பட்டி கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். ஆட்டத்தால் அல்ல, இங்கிலீஷால். வெளியூர் அணிகளுக்கு எழுதிப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்கள் கோல்கீப்பர் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவன்; நான் கேப்டனான காரணத்தை ஒருநாளும் என்னை மறக்க விடமாட்டான்.

கல்லூரியில் என்னோடு படித்த தூத்துக்குடிக்காரன் தன் ஊர் அணியோடு வந்து ஆடுவதாகச் சொல்லியிருந்தான். நாள் குறிக்க வேண்டியது நான். அந்த வாரம் லீவில் இருவரும் அவரவர் ஊரில் இருந்தோம். தபாலாபீஸில் போய் நாலே வார்த்தையில் தந்தி அடித்தேன்: மேட்ச் ரெடி, கம் சாட்டர்டே. கீழே பெயர்கூடப் போடவில்லை. அனுப்பியது நான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

சனிக்கிழமை மத்தியானமே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. தாயில்பட்டியிலிருந்துகூட சைக்கிளில் ஆள் வந்திருந்தது. நாலு மணிக்கு ஒரு லாரி புழுதியோடு வந்து நின்றது. இறங்கியவர்கள் டிரைவர், கிளீனர், லோடு ஏற்றும் ஆறு பேர். என் நண்பனைக் காணோம்.

"தந்தி அடிச்சது யாருப்பா?" என்றார் டிரைவர்.

"நாந்தான். டீம் எங்க அண்ணாச்சி?"

"டீமா? லோடு எங்க?"

என் நண்பனின் அப்பா தீப்பெட்டி மொத்த வியாபாரி என்பது அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. மகன் பெயருக்குப் போன தந்தியை அவர் பிரித்திருக்கிறார். இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தவர், சரக்கு தயார் என்று நினைத்து லாரியை அனுப்பிவிட்டார். தாங்கள் தந்தியே அடிக்கவில்லை என்று கம்பெனியில் கைவிரிக்க, டிரைவர் தபாலாபீஸில் விசாரித்து நேரே கண்மாய்க்கு வந்திருக்கிறார்.

"காலேசுல இம்புட்டுதான் சொல்லிக் குடுத்தாகளாலே?" என்றான் கோல்கீப்பர். பிறகு அணியைப் பார்த்து, "இன்னைக்கு மேட்ச் நடக்கலைன்னா இவன் கேப்டன் இல்ல. சம்மதமா?" என்றான். பன்னிரண்டு பேரும் கை தூக்கினார்கள். யோசிக்கக்கூட இல்லை, பாவிகள்.

நான் டிரைவரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, நீங்க எட்டுப் பேரும் ஆடுங்களேன்."

"வெறும் வண்டியோட போனா மொதலாளி என்னையத்தான் ஏசுவாரு. இதுல பந்து வேறயா?"

"தப்பு என்னோடதுன்னு எழுதித் தாரேன்."

"இங்கிலீசுல வேண்டாம். அதாலதான் இம்புட்டும். தமிள்ல எழுது."

ஊரே சிரித்தது. லாரியின் பானெட்டில் தாளை வைத்து எழுதினேன்: தப்பு முழுக்க என்னுடையது, டிரைவர்மீது ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் டிரைவர் செருப்பைக் கழற்றினார்.

அவர்கள் எட்டு, நாங்கள் பதினாலு. "கலந்து கட்சி பிரிப்போம்" என்றார் அவரே. ஒரே பருமன், ஒரே உயரம் பார்த்து இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்தோம். கோல்கீப்பர் டிரைவர் கட்சிக்குப் போய்விட்டான். லோடு தூக்கிய கால்கள் அப்படி ஓடும் என்று நான் நினைக்கவே இல்லை. என்ன ஆட்டம் அது. இரண்டுக்கு மூன்றில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் நான் அடித்ததைக் கோல்கீப்பர் அலட்டிக்கொள்ளாமல் பிடித்தான்.

"பந்தையும் தந்தி மாதிரியே அடிக்கியேலே. அட்ரஸ் இருக்கு, பேரைக் காணோம்."

தோற்றாலும் மேட்ச் நடந்துவிட்டது, கேப்டன் நான்தான் என்றேன். "கட்சி பிரிச்சு ஆடுனதெல்லாம் மேட்ச்சாலே? வெறும் ஆட்டம்" என்றான் அவன். வழக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

திங்கள்கிழமை கல்லூரி நூலகத்தில் தலைமாட்டுக்கு வைத்துத் தூங்கும் அளவுள்ள அகராதியை இறக்கினேன். தீப்பொறி பறக்கும் ஆட்டம், அதனால் மேட்ச் என்றுதான் அதுவரை ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். சுத்தப் பொய். இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன, அவ்வளவுதான்.

தீக்குச்சி மேட்ச் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே மெஷ் என்றால் திரி. இத்தாலியில் மிச்சா, ஸ்பெயினில் மெச்சா, எல்லாம் வெடிக்கு வைக்கிற திரி. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் விளக்கின் மூக்கு. இன்னும் பின்னால் மூக்குச்சளி. நூலகத்தில் சத்தமாகச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டத்து மேட்ச் பழைய இங்கிலீஷ். ஜோடி, சரிக்குச் சரியானவன் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் இதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டான். ஸ்பானியன் தன் மேட்ச்சுக்கு பர்த்தீதோ என்கிறான், இத்தாலியன் பர்த்தீதா. இரண்டுக்கும் வேர், பிரிப்பது. அதாவது கட்சி பிரிப்பது. ஜெர்மன்காரன் ஷ்பீல் என்று முடித்துவிடுகிறான், வெறும் ஆட்டம். கண்மாயில் நாங்கள் செய்தது ஐரோப்பா முழுக்க அச்சாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் அணிக்கு வாசித்துக் காட்டினேன். சரிக்குச் சரி ஜோடி நிறுத்தினோமா? நிறுத்தினோம். கட்சி பிரித்தோமா? பிரித்தோம். "வெறும் ஆட்டம்னு நீ சொன்னியே, ஜெர்மனியில மேட்ச்சுக்குப் பேரே அதான்லே."

கோல்கீப்பருக்கு அதெல்லாம் ஏறவில்லை. "அந்தத் தீக்குச்சி மேட்ச்சுக்கு என்ன சொன்னே?"

"திரி."

"அப்ப நான் தெனம் கம்பெனியில வெட்டுறது மேட்ச்சா?"

"அதுதான் அசல் மேட்ச்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே கையைத் தூக்கினான். "கேப்டன் அவனே இருக்கட்டும். தந்தி மட்டும் இனிமே நான் அடிக்கேன்."

மறுநாளே என்னை மதுரை பஸ் ஏறவிடாமல் இழுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனான். மேட்ச் என்ற சொல்லே வரக்கூடாது என்று தீர்மானமாக இருந்தான். ஜன்னலில் தலையை நீட்டி, "தூத்துக்குடிக்கு ஒரு தந்தி. பால் ரெடி, கம் சண்டே" என்றான்.

குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "முதல்லயே கேட்டுக்கிடுதேன். குடிக்கிற பாலா, உதைக்கிற பாலா?"