கருத்து எழுதாத அட்டவணை

அலுவலகத்தில் அவளுக்குச் சூட்டக்கா என்று பெயர். கோபக்காரி என்பதால் வந்த பெயர் இல்லை, கோபக்காரி என்பதும் பொய் இல்லை. ஆம்புலன்சில் போகிற நோயாளியின் இதயத் துடிப்பைத் திரையில் ஓடவிடும் சின்ன இயந்திரங்களைச் செய்கிற நிறுவனம் அது. அந்த இயந்திரம் சூடேறினால் எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் மென்பொருள் அவள் பொறுப்பு.

வீட்டிலும் அதே குணம்தான். ஒருநாள் காலையில் மகள் வந்து, "அம்மா, காய்ச்சலா இருக்கு, நான் இன்னிக்கு ஸ்கூல் போகல" என்றாள். "எத்தனை டிகிரின்னு மட்டும் சொல்லு. போறதா வேணாமான்னு நான் முடிவு பண்றேன்" என்று தெர்மாமீட்டரை நீட்டினாள் இவள். கணவர் தையல்காரர். "உங்கம்மாகிட்ட அளவு மட்டும்தான் சொல்லணும். தையலைப் பத்திப் பேசினா தொலைஞ்சோம்" என்று மகளிடம் கண்ணடித்தார்.

இந்தப் பிடிவாதம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓர் அட்டவணை உண்டு. உள்ளே எத்தனை சென்சார், எது எங்கே இருக்கிறது, விசிறி எந்தப் பாகத்தைக் குளிர்விக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், அந்த போர்டிலேயே பதித்துவிடுவார்கள். மாற்ற வேண்டுமென்றால் இயந்திரத்தைக் கழற்றத்தான் வேண்டும். மென்பொருள் அப்படியில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே புதிதாக அனுப்பிவிடலாம். முதல் மாடலில் இவள்தான் அவசரத்தில் 'எழுபது டிகிரி வந்தால் இயந்திரத்தின் வேகத்தைப் பாதியாக்கு' என்று அந்த அட்டவணையிலேயே எழுதித் தொலைத்தாள். கோடை வந்தது, திரைகள் நகர மறுத்தன. முந்நூறு இயந்திரங்களையும் திரும்ப வரவழைத்து மூன்று மாதம் திருகாணி கழற்றினார்கள். அப்போது ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில், "மெஷினை எடுத்துட்டுப் போயிட்டீங்க. நர்சம்மா நாடியைக் கையால புடிச்சுக்கிட்டே வர்றாங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சும்மா சொன்னார், அதுதான் இவளை விடவேயில்லை.

அதன் பிறகுதான் போர்டுக்காரரோடு ஓயாத மல்லுக்கட்டு. போர்டைச் செய்யும் குழுவின் தலைவர் அவர், இவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அண்ணே, நூத்தியஞ்சு டிகிரியில சிப் கருகிடும். அது உண்மை, எழுதிக்கோங்க. எழுபதுல வேகத்தைக் குறைங்கிறது கருத்து. அதை எங்கிட்ட விட்டுடுங்க."

"ஏம்மா, போர்டைப் பெத்தவன் நான். அது என்ன தாங்கும்னு எனக்குத் தெரியாதா? பாதுகாப்புக்கு ஒரு வரி இருந்துட்டுப் போகட்டுமே!"

இரண்டாம் மாடலுக்கு அவர் இரண்டு முறை அந்த வரியைச் சேர்த்தார், இரண்டு முறையும் இவள் அழித்தாள். கடைசி வாரத்தில் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று இவள் விடுப்பில் போக, அட்டவணையைத் தொழிற்சாலைக்கு அனுப்பியது அவர் மட்டும். இயந்திரங்கள் நன்றாக ஓடியதால் இவளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அது இவள் தப்பு.

இந்தக் கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே ஓட்டுநரிடமிருந்து புகார் வந்தது. வண்டி ஓடும்போது திரை நத்தை மாதிரி நகர்கிறதாம், ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனால் சரியாகிவிடுகிறதாம். "ரெண்டு மணிக்குள்ள சொல்லு. நானூறு மெஷினையும் திரும்ப எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் போய்விட்டார்.

வண்டியில் செய்வதுபோலவே இவள் ஓர் இயந்திரத்தை சார்ஜரில் மாட்டி ஓட்டிப் பார்த்தாள். இருபதாவது நிமிடம் பேட்டரிக்குப் பக்கத்து சென்சார் எழுபத்திரண்டைத் தொட்டது. சிப்போ ஐம்பதில் ஜாலியாக இருந்தது. ஆனாலும் வேகம் பாதியானது. எந்த சென்சார் எழுபதைத் தொட்டாலும் குறை என்று மென்பொருளில் இவளே ஒரு விதி எழுதியிருந்தாள். அது மட்டும்தான் காரணம் என்றால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அட்டவணையிலும் அந்த வரி இருந்தால் நானூறு வண்டிகள் மறுபடி வெறுங்கையோடு ஓடும்.

போர்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"கடைசி வாரம் அந்த வரியைத் திரும்பப் போட்டீங்களாண்ணே?"

"போட்டேன்..." என்று பிடரியைச் சொறிந்தார். "எடுத்தேனா என்னன்னு சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

இவள் போர்டில் பதிந்திருந்த அட்டவணையை அப்படியே திரையில் வரவழைத்து வரிவரியாகப் படித்தாள். சென்சார் நான்கு, அவை இருக்கும் இடங்கள். விசிறி ஒன்று, அது குளிர்விக்கும் பாகம். நூற்றைந்து டிகிரியில் சிப் கருகும். அத்தோடு முடிந்தது. நம்பாமல் மேலிருந்து இன்னொரு முறை படித்தாள். எழுபது எங்கேயும் இல்லை.

"இல்லண்ணே!" என்று கத்தியேவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. போர்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்புறம்தான் பழைய மாறுதல் பதிவைத் திறந்து பார்த்தார்கள். அந்த வாரம் புதன்கிழமை, 'எழுபது டிகிரி வரியைச் சேர்த்தேன்' என்று அவர் குறித்திருந்தார். வியாழக்கிழமை, 'எடுத்துவிட்டேன். இது போர்டைப் பற்றிய செய்தி இல்லை, என் பயம்.'

"நானா எழுதினேன்?" என்றார் அவர்.

"நீங்கதாண்ணே. நான்தான் அங்க என் பயத்தை எழுதி வெச்சிருக்கேன்" என்று தன் விதியைக் காட்டினாள். அதை அழித்துவிட்டு, பேட்டரி சூடானால் சார்ஜ் ஏறுவதைக் குறை, சிப் சூடாகாதவரை திரையைத் தொடாதே என்று எழுதினாள். மறுபடி இருபது நிமிடம் காத்திருந்தார்கள். பேட்டரிக்கு எழுபத்திரண்டு வந்தது, சார்ஜ் குறைந்தது, திரையில் பச்சைக் கோடு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போர்டுக்காரர் போய் இருவருக்கும் டீ வாங்கிவந்தார்.

இரண்டு மணிக்குள் மேலாளரிடம் சொல்லியாயிற்று. ஐந்து மணிக்கு எல்லா வண்டிகளுக்கும் புது மென்பொருள் போனது. அதற்கப்புறம் இவளே ஓட்டுநருக்குப் போன் செய்தாள்.

"மெஷினை எப்போ எடுத்துட்டுப் போவீங்க மேடம்?" எடுத்ததும் அதைத்தான் கேட்டார். குரலில் ஆயாசம்.

"எடுக்கலண்ணே. உங்க வண்டியிலேயே இருக்கட்டும், சரியாயிடுச்சு."

அவர் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு பின்னால் யாரிடமோ சொன்னது கேட்டது: "நர்சம்மா, மெஷின் நம்மகிட்டயே இருக்குமாம்!"