ஆளுக்கொரு ஊசி

இந்த மொரீசியஸ் பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் லேசில் விடமாட்டார்கள். துண்டுகளைத் தேடிப் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் மாற்று ஊசி. முதல் வாரம் என் சட்டைப்பையில் சொந்த ஊசியைப் பார்த்த சூப்பர்வைசர் அம்மாள், திருடியதாக நினைத்துக் கத்தித் தீர்த்தாள். திருப்பூரில் நாங்கள் ஆளுக்கொரு ஊசி வைத்திருந்த கதையை அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்ல?

எய்ட்ஸ் என்ற பேரைச் சொல்லவே பயந்த காலம் அது. எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. டெய்லர் ஒருவன் இளைத்துப்போய் ஊருக்குக் கிளம்பினான். அந்த நோய்தான் என்று டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. அவன் மெஷினில் உட்கார்ந்தவன் பழனிச்சாமி, கணியூரில் என் தெருக்காரன். மூன்றாம் நாளே ஊசி அவன் விரலில் ஏறியது. அதிலிருந்துதான் ஷிப்ட் மாறும்போது ஆளாளுக்குச் சொந்த ஊசி மாட்ட ஆரம்பித்தார்கள். பழனிச்சாமி தனித் தட்டு, தனி சோப்பு என்று ஒதுங்கினான். சுத்தக்காரன் என்று கேலி செய்தோம், மடையர்கள். தூக்கமில்லாமல் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொரீசியஸ் வேலைக்கு இருவரும் எழுதிக் கொடுத்திருந்தோம். ரத்தப் பரிசோதனை உண்டு.

“இருக்குதுன்னுட்டா எங்கம்மா மூஞ்சீல எப்படிடா முழிக்கறது?” என்றான்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து அவன் எழ, அதே மெஷினில் நான் உட்கார்ந்து அவன் போட்ட ஊசியைக் கழற்றினேன். போகாமல் பின்னாலேயே நின்றிருக்கிறான்.

“நீயுமாடா?”

“மொண்ணையாப் போச்சுடா.”

“காலைலதான் புதுசு போட்டேன்.”

மறுநாள் அவனும் இல்லை, பையும் இல்லை. சோமனூர் வரை தேடிவிட்டுக் கணியூர் போனேன். வாய் திறக்குமுன் அவன் அம்மா கேட்டார்: “ரெண்டு பேரும் எப்பக் கண்ணு பிளேன் ஏறறீங்க?” அங்கும் வரவில்லை என்று புரிந்தது. “அடுத்த வாரம்ங்க” என்றேன். ஏன் சொன்னேன், பாவி.

மெஷின் ஊசி குத்தி அந்த நோய் வராது என்று இங்குள்ள டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்கு முன் நர்ஸிடம் கேட்டபோது, போடும் ஊசிக்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்து, “பா பேர், பா பேர்” என்று தட்டிக்கொடுத்தாள். பயப்படாதே என்று அர்த்தமாம். அவனுக்கு அதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

போன மாதம் அவன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. “பழனிச்சாமி உன்கூடத்தானே இருக்கான்? ஒரு வரி எழுதச் சொல்லு சாமி.”

இப்போது இரண்டு மாத லீவு தருகிறார்கள், டிக்கெட்டும் உண்டு. கணியூர் பஸ் அந்த வீட்டு முன்னால்தான் நிற்கும். இரண்டு பேர் இறங்குவார்கள் என்று அவன் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். லீவு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.