மரியாதை ஏறிய வேன்

பள்ளி வேன் ஓட்டும் அந்த மனிதருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மியூட் அங்கிள். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் வேனுக்குள் அவர் பேசிய வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம், குச்சிகளை வெளியே எடுக்கக்கூட வேண்டியதில்லை. ஒருமுறை முன்சக்கரம் கழன்று தனியாக உருண்டோடி, வேனுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து வருகைப்பதிவும் வாங்கிவிட்டதாம். அன்றைக்கும் அவர் "இறங்குங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். சக்கரத்தை நம்பாதவர்கள்கூட அந்த ஒற்றை வார்த்தையை நம்புவார்கள்.

அவர் பேசாததற்குக் காரணம் கூச்சமில்லை. அவருக்குக் கேட்பதில் ஆசை. பின்னால் பதினோரு பெண்பிள்ளைகள், எல்லாருக்கும் பதினைந்து, பதினாறு வயது. பெரிய வகுப்புக்கு வந்ததும் அவர்கள் பேசத் தொடங்கிய பேச்சைக் கேட்டு முதலில் அரண்டுபோனார். "செத்துத் தொலைடி." "மூஞ்சியக் கழுவுனியா, இல்ல பிறந்ததுலேர்ந்தே இப்படித்தானா?" இவ்வளவு பகையை வைத்துக்கொண்டு ஒரே சீட்டில் எப்படி மூன்று பேர் உட்காருகிறார்கள் என்று மனைவியிடம் கேட்டார். போகப் போகத்தான் பிடிபட்டது. யாரை அதிகம் திட்டுகிறார்களோ, அவள்தான் அதிகம் வேண்டியவள். காய்ச்சலில் ஒரு வாரம் வராமலிருந்தவள் திரும்பி ஏறினால், "ஏன்டி இன்னும் உயிரோட இருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பதினோரு பேரில் அவருடைய மகளும் ஒருத்தி. சின்ன உருவம், அதனால் எலி. எலியைத் திட்டும் உரிமை பெரும்பாலும் பென்சிலுக்கு. ஒல்லி, நெட்டை. வேன் கூரைக்குப் பயந்து கழுத்தை வளைத்தே வளர்ந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே சீட்டு.

ஒரு திங்கட்கிழமை காலை பென்சில் ஏறினாள். எலி வழக்கம்போல நகர்ந்து இடம் விட்டாள்.

"பரவாயில்லைங்க, நீங்க வசதியா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பென்சில் பின்சீட்டுக்குப் போனாள்.

எலி சிரித்தாள். "என்னடி, கொழுப்பா?"

"ஐயோ, உங்ககிட்ட அப்படியெல்லாம் பேசுவோமா நாங்க?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அடுத்து ஏறியவளும் அப்படியே. "கொஞ்சம் ஜன்னலைத் திறக்கிறீங்களா? ரொம்ப நன்றிங்க." எலிக்கு மட்டும்தான் இந்த மரியாதை. மற்றவர்களுக்குள் வழக்கமான டி-யும் லூசும் எருமையும் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் மகளின் முகம் மெல்ல மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியதை அவர் பார்த்தார்.

பள்ளி வாசலில் நின்ற விளையாட்டு ஆசிரியை பூரித்துப்போனார். "உங்க வேன் பிள்ளைங்க என்ன தன்மையா பேசறாங்க, டிரைவர்! மத்த வேன்லயும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நெஞ்சுக்குள் ஏதோ கழன்று உருண்டது.

காரணம் அவருக்குத் தெரியும். காரணமே அவர்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பென்சிலின் அம்மா, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வேன் ஜன்னலருகே வந்து, "டியூஷன் முடிஞ்சு வர்றப்ப ரொம்பச் சோர்ந்து போறாளா, டிரைவர் அண்ணா?" என்று கேட்டார்.

"டியூஷனா? அதுக்குப் போயே ரெண்டு மாசமாச்சேம்மா."

பத்தொன்பது வருடத்தில் வாய் தவறியது அந்த ஒருமுறைதான். பள்ளி விட்டபின் வேன் கிளம்பும்வரையிலான அந்த டியூஷன் நேரத்தில் பென்சில் நூலகத்து மாடியில் உட்கார்ந்து படம் வரைகிறாள் என்பது வேனுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த சேதி. அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று பிள்ளைகள் கூடி யோசித்திருக்கிறார்கள். டிரைவரின் மகள் இருக்கிறாள். அவள் வீட்டில் சொல்ல, அப்பா வழியாகப் போயிருக்கும். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருப்பவருக்கும் இரண்டு காது உண்டு என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை எலி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "நாளையிலேர்ந்து நான் நடந்து போறேன்."

"அவ்வளவு தூரமா? வேன்ல ஏதாவது நடந்துச்சாங்க?" என்று மனைவி இவரைக் கேட்டாள்.

"நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுறவன். எனக்கென்ன தெரியும்?"

பொய் சுலபமாக வந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகளுக்கு அவளுடைய சீட்டு திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வேனுக்குள் அவர் காதுபட யாரும் பேசமாட்டார்கள். எட்டு நாள் தூக்கமில்லாமல் அந்த இரண்டையும் எடைபோட்டார். மகளோ நடக்கவுமில்லை, அம்மா விடவில்லை.

ஒன்பதாம் நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. பென்சில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டிக்கொண்டே வந்தாள். எலியிடம் வந்ததும், "எடுத்துக்கோங்க" என்றாள்.

"வேணாங்க. நீங்க சாப்பிடுங்க" என்றாள் எலி. குரலில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. பழகிவிட்டாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்தார்.

"டியூஷன் விஷயத்தை உங்கம்மாகிட்ட சொன்னது நான். இவ இல்ல."

பென்சில் நீட்டியிருந்த பிஸ்கட் பாக்கெட்டை இறக்கினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பென்சில்.

"நீ பேசினதைக் கேட்டேன்."

"நாங்க பேசறது கேக்குமா உங்களுக்கு?"

"கேக்கும்."

"எல்லாமேயா?"

அதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "எல்லாமே" என்றார்.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி எதையெல்லாம் பேசினோம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் பயந்து நிறுத்தினாள். எலி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

சாயங்காலம் பென்சில் எலியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நீ இல்லைன்னு வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"சத்தமா சொல்லணும்டி, லூசு. உன் குரல் எனக்கே கேக்காது, எம்மாம் உயரத்துல இருக்கேன்."

எலி அழுதுகொண்டே அவள் தோளில் குத்தினாள். பிறகு பென்சில் முன்னால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. சார் இருக்காரு."

மியூட் அங்கிள் போய்விட்டார், சார் வந்துவிட்டார்.

வீட்டில், அவர் செருப்பைக் கழற்றுமுன்பே எலி வந்து நின்றாள்.

"உன்னைப் பத்தி நான் அவங்ககிட்ட பேசினதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சட்டை, வேர்வை... அதெல்லாம்?"

"அதுவும்தான்."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா பேச மாட்டீங்களே."

அவள் உள்ளே போனாள். அன்று தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். அதை மட்டும் அவர் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வேனுக்குள் பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் எழுதிக்கொண்டார்கள். டிங் என்று கேட்கும், நாலு பேர் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாது. மூன்றாம் நாள் அதுவும் அலுத்துவிட்டது போலிருக்கிறது. பின்சீட்டில் ஏதோ ஆலோசனை நடந்தது. முடிவில் எலியைத்தான் முன்னால் அனுப்பினார்கள்.

"அப்பா, பாட்டுப் போடச் சொல்றாங்க."

அவர் போட்டார். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பென்சில் கட்டைவிரலை மேலே காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப்பா."

அவர் குமிழைத் திருகினார். எலி தன் சீட்டுக்கு ஓடினாள். கண்ணாடியில் பதினோரு வாய்களும் ஒரே நேரத்தில் அசையத் தொடங்கின; பாட்டைத் தாண்டி ஒரு வார்த்தையும் அவர் காதுக்கு வரவில்லை.