தவமலர் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு

தவமலர் அக்கா காலமான செய்தியை அவருடைய மகள் நிலானிதான் தொலைபேசியில் சொன்னாள். “அம்மா போயிட்டா, அன்ரி. ஆஸ்பத்திரியிலை, நித்திரையிலை போயிட்டா.” வேலைக்குப் போகும் டிராமில் நின்றிருந்த நான் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, மழையில் நின்று அழுதேன்.

அழுகை அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது. இறுதிக்கிரியையில் எங்கள் தமிழ்ப் பள்ளித் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “அமைதியும் அடக்கமும் உருவான ஆசிரியை, கணவரை இழந்த பின்னும் எங்கள் பண்பாட்டைக் காத்தவர்” என்றார். அவரை வகுப்பிலிருந்து வெளியேற்றிய அதே வாய். அக்காவை அறிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்பு அவருடையது. வாரநாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் படுக்கையில் விழுந்த கணவர். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அப்படியே குசினியில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கணவர் இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “இவ்வளவு காலமும் நிண்டுகொண்டே சாப்பிட்டிட்டன். இனி இருந்து சாப்பிடப் போறன்.”

அவர் தெரிந்தெடுத்த இடம் அவர் வீட்டுத் தெருமுனையில் இருந்த ஒரு சிறிய கஃபே. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனப் பக்கத்துச் சமையல். மண்நிறச் சுவர்கள், யன்னலோரம் கள்ளிச்செடிகள், ஒன்றோடொன்று பொருந்தாத கதிரைகள். ஞாயிறு காலையில் போவார். சோள ரொட்டி, அதன்மேல் இரண்டு பொரித்த முட்டை, கறுத்த அவரை விதை, சிவந்த மிளகாய்க் குழம்பு. முதல்தடவை என்னைக் கூட்டிப்போனபோது, கடைக்காரப் பெண்ணிடம் உறைப்பு போதாது என்று ஜெர்மனில் வாதாடி, இன்னொரு கிண்ணம் வாங்கினார். ஒரு வாய் வைத்துவிட்டு, “இப்பதான் சாப்பாடு” என்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யாரோ யன்னலுக்கு வெளியே நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அவர் தனியே போயிருந்த ஒரு ஞாயிறு அது. பெற்றோரின் வாட்ஸப் குழுவில் அது வந்தது: நீலச் சட்டை, கையில் முள்ளுக்கரண்டி, தட்டில் முட்டை. கீழே, “புருசன் செத்த ஈரம் காயேல்லை, அதுக்குள்ளை கடைச் சாப்பாடு.” நிர்வாகம் கூட்டம் வைத்தது. ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தோம்.

“அக்கா, பிழையா நினைக்காதேங்கோ,” என்றார் தலைவர். “தனியப் போய் உப்பிடி இருக்கிறது வடிவில்லை. பிள்ளையள் பாக்குதுகள்.”

“பாக்கட்டும். ஒரு மனுசி கதிரையிலை இருந்து முட்டை சாப்பிடுறதைப் பாத்துப் பிள்ளையள் என்னண்டு கெட்டுப்போகுங்கள்?”

“நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கோ.”

“எனக்குக் களைப்பில்லை, தம்பி. பசிதான் இருந்தது.”

நானும் இன்னொரு ஆசிரியையும் எதிர்த்துப் பேசினோம். பயனில்லை. அந்த ‘ஓய்வு’ அவர் சாகும்வரை நீண்டது. மனைவியை இழந்த மறுவாரமே நண்பர்களோடு பியர் குடிக்கப் போன ஒருவர் அதே நிர்வாகத்தில் பொருளாளராக இருந்தார். அவரை எவரும் படம் எடுக்கவில்லை.

அக்கா கஃபேக்குப் போவதை நிறுத்தவில்லை. நானும் ஞாயிறுதோறும் கூடப் போனேன். ஒருநாள் அவருடைய வகுப்பில் படித்த ஒரு சின்னப் பெண் வெளியிலிருந்து அவரைக் கண்டு, “ரீச்சர்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். பின்னால் வந்த தாய், எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பிள்ளை கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் தட்டு அப்படியே இருந்தது.

“வீட்டை போய்ப் பிள்ளைக்கு அடி விழப்போகுது,” என்றார். தனக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தாயை எனக்கு இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது பள்ளி அவருக்கு நினைவு மலர் போடுகிறது. என்னிடம் கட்டுரை கேட்டார்கள். மேலே இருப்பதைத்தான் எழுதிக் கொடுத்தேன். தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “தங்கச்சி, அந்தக் கடைக் கதையை எடுத்துவிடுங்கோ. ஆக்கள் கதைப்பினம்.”

நிலானியிடம் கேட்டேன். “எடுக்க வேண்டாம் அன்ரி. அம்மா சந்தோசமா இருந்த இடம் அது,” என்றாள். தலைவரைத் திரும்ப அழைத்தேன்.

“ஆர் அந்த ஆக்கள்? பேரைச் சொல்லுங்கோ.”

“அப்ப உங்கடை கட்டுரை வராது,” என்று வைத்துவிட்டார். மலரில் வராவிட்டால் என்ன, இங்கே நானே வெளியிடுகிறேன்.

ஆக்களின் பேரைக் கேட்ட அந்தக் கேள்வி என்னுடையதல்ல. ஊர் கதைக்குது, சனம் கதைக்குது என்று யார் வந்து சொன்னாலும் தவமலர் அக்கா அவர்களை நேரே பார்த்து அதைத்தான் கேட்பார். ஒருவர்கூட அவருக்கு ஒரு பெயரைச் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இனி நான் கேட்பேன்.