பஸ்ஸில் உடைந்த சஸ்பென்ஸ்

கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில், நேற்று இருவரும் பார்த்த சைக்கலாஜிக்கல் திகில் படத்தை மனைவியிடம் அலசிக்கொண்டிருந்தேன்.

"முதல் பாதி சூப்பர். பக்கத்து ரூம்ல அழுகைச் சத்தம் மட்டும்தான், அதுக்கே நடுங்கிட்டேன். அப்புறம், அழறதே ஹீரோயின்தான்னு டாக்டர் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்துக் கெடுத்துட்டார்."

முன்சீட்டுக்காரர் திரும்பினார். பக்கத்தில் புது மனைவி.

"சார், அந்தப் படத்துக்குத்தான் போறோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் மனைவி அசரவில்லை. "இவர் இன்டர்வெல்லுக்கு அப்புறம் தூங்கிட்டார் சார். நீங்க அந்த டாக்டர் மேல ஒரு கண்ணு வைங்க."

அவர் முகம் மலர்ந்தது.

உண்மையில் அந்த டாக்டர் நாற்காலியைவிட்டே எழ மாட்டார். ஆனாலும் எங்களுக்குக் கொட்டாவி வந்த காட்சி அவர்களுக்குத் திகிலாகப் போகும்.

படத்தின் குறையைச் சரிசெய்த பெருமை அவளுக்கு, தூங்குமூஞ்சிப் பட்டம் எனக்கு. இது நியாயமா, மக்களே?