மகளின் சிம்முக்குப் போட்ட பூட்டு

மகளின் சிம்முக்கு இரகசிய எண் போட்டது நான்தான். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் போனைக் கண்டி பஸ் நிலையத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் பார்த்திருக்கிறான். அதைக் கேட்ட அன்றே மகளின் போனை வாங்கி, திரைப் பூட்டு போதாதென்று சிம்முக்கும் ஒன்று போட்டேன். எண்ணைச் சொன்னபோது அவள் சாப்பிட்டுக்கொண்டே "சரி சரி" என்றாள். போனை அணைத்து மறுபடி போடும்வரை அந்தப் பூட்டு கண்ணில் படாது. இருவருமே மறந்துபோனோம்.

அவள் பல்லேகலவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வீடு பன்விலவில். அன்று காலையிலிருந்தே விடாத மழை. மாலையில் அலுவலக வைஃபையிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "சார்ஜ் எறங்கி போன் ஓஃப் ஆயிருச்சு. திரும்பப் போட்டா ஏதோ நம்பர் கேட்டுச்சு. ஸ்க்ரீன் நம்பரை மூணு தரம் போட்டேன். இப்ப PUK கேக்குது. பஸ்ஸுக்குப் போறேன்மா."

பதில் எழுதினேன். அது போய்ச் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகில் நின்று, வரும் பாதையில் மண் சரிந்து பஸ்கள் நிற்கின்றன என்றார். அவள் எண்ணுக்கு அழைத்தேன். இணைப்பு இல்லை என்ற அதே பெண்குரல், மூன்று மொழிகளிலும்.

PUK என்பது பூட்டிய சிம்மைத் திறக்கும் எட்டு இலக்க எண். சிம் வந்த அட்டையில் அது இருக்கும். அந்த அட்டை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. போன் கம்பனிக்கு அழைத்தேன். பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு இடையில் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவர்களாக இருக்கும். எடுத்தால் காத்திருந்த இடமும் போய்விடும். துண்டித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துண்டித்தேன்.

கடைசியில் ஒரு பிள்ளை பேசினாள்.

"சிம் உங்கட பேர்லயா மேடம்?"

"இல்ல, என் தம்பி பேர்ல. அவன் கட்டார்ல இருக்கான்."

மகளுக்கு அடையாள அட்டை வருமுன் வாங்கிய சிம் அது. கடைக்குப் போன தம்பி தன் அட்டையைக் காட்டி வாங்கி வந்தான். எங்கள் பக்கத்தில் யார் கையில் இருக்கும் சிம் யார் பெயரில் என்று யாரும் பார்ப்பதில்லை.

"அப்ப அவங்கதான் கதைக்கணும் மேடம்."

"நான் புள்ளையோட அம்மா. வழியில மண்ணு சரிஞ்சிருக்கு."

"விளங்குது மேடம். ஆனா இங்க உங்கட பேர் இல்லையே."

அவள் குரலில் இரக்கம் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது?

தம்பி வேலையில் இருந்தான்; போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்த என்னை, குடையைத் தேடிக்கொண்டிருந்த கணவர் பார்த்தார்.

"அந்த நம்பர் கெடைச்சா யாருக்குச் சொல்லப்போற? அவ போன்தான் செத்துக் கெடக்கே."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தார். நான் அவரோடு போகவில்லை. அவள் வேறு வழியால் வந்துவிட்டால் வீட்டில் யார் இருப்பது?

இருட்டிய பிறகு இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். மகளின் செருப்பைச் சேறு கொண்டுபோயிருந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

"பக்கத்துல இருந்த அக்காகிட்ட போன் வாங்கி ரெண்டு தரம் உங்களுக்கு எடுத்தேன். ஏம்மா கட் பண்ணுனீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது. சட்டம் போட்டதே நீங்கதானே!"

கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் தலை துவட்டத் துவாயைக் கொடுத்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனேன். அவள் கோப்பையில் சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

இப்போது அவளிடம் அவள் பெயரிலேயே புதிய சிம் இருக்கிறது. அதற்குப் பூட்டுப் போடச் சொல்வதா, வேண்டாமென்பதா என்று தெரியவில்லை. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். தெரியாத எண்களை மட்டும் உடனே எடுத்துவிடுகிறேன். நேற்று ஒருவர் சிமெந்து வந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். தவறான எண் என்றேன். மகள் அடுத்த அறையில்தான் இருந்தாள். எழுந்துபோய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.