கயிற்று வளையம் வைத்த டைனோசர்

பைபர் படகு செய்கிறவனிடம் வந்து தண்ணீர்த் தொட்டி கேட்பார்கள், கோயிலுக்குக் குதிரை கேட்பார்கள். முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. நீங்களும் ஆர்டருக்கு வேலை செய்கிறவர்தானே, உங்கள் தொழிலிலும் இருக்காது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இலை தின்னி

டோல்கேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமை சிஸ்டர் ராயபுரத்தில் என் பட்டறைக்கு ஒரு படத்தோடு வந்தார். பாராபாசாரஸ் என்ற டைனோசர், பள்ளிக்கு அதே மாதிரி ஒரு சிலை வேண்டுமாம். ஜுராசிக் காலத்தில் நம் நாட்டிலேயே திரிந்ததாம். நீளக் கழுத்து, சாப்பாடு இலைதழை மட்டும். நான் அந்தக் கழுத்தைத்தான் பார்த்தேன். பத்தடிக் கழுத்து, முட்டுக்கொடுக்காமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆனாலும் வாய் சும்மா இருக்காமல், உடைந்தால் முழுசாக வேறொன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூட வேலை செய்யும் மரியதாஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாண்ணே பேஜாரு? ஒட்டகத்துக்கு வால நீட்டிவுட்டா மேட்டர் முடிஞ்சிது."

கைப்பழக்கம்

உடம்புக்குப் படகு அச்சையே எடுத்துக்கொண்டோம். அதில் இரண்டு ஓடு எடுத்து ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டினோம். நான்கு கால்களையும் பீப்பாய் மாதிரி அடைத்தோம். தண்ணீர் புகாமல் ஒட்டத்தான் எங்களுக்குத் தெரியும்.

பள்ளியில் இறக்கும்போதுதான் கவனித்தேன், மரியதாஸ் படகுப் பழக்கத்தில் டைனோசரின் மார்பில் கயிறு கட்டும் வளையம் ஒன்றைப் பதித்திருந்தான். வேண்டாத வேலை என்று அவனைத் திட்டினேன். சிஸ்டருக்கோ ஏற்கெனவே என்மேல் கோபம். இலை தின்கிற பிராணியை வேப்பமரத்தடியில் வைக்கச் சொன்னார். கிளை விழுந்து கழுத்து போய்விடுமே என்று நான் பிடிவாதமாக மைதானத்தின் நடுவில் வைத்தேன். வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எதுக்கு, ஓடிப்போயிடுமா?"

போனது

மேடை கட்டி போல்ட் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. மறுநாள் காலையில் பள்ளி வாட்ச்மேன் போன் செய்தார். "அண்ணே, உங்க டைனோசரு மெதந்து போய்கினு கீது."

காற்று வேறு. சுவரில் ஒரு மோது மோதினால் கழுத்து அவ்வளவுதான், நானும் அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் மரியதாஸும் நானும் பள்ளிக்கு நடந்தோம்.

கேட்டைத் தாண்டியதும் பார்த்தேன். வாட்ச்மேன் அந்த வளையத்தில் கயிறு மாட்டி வேப்பமரத்தோடு கட்டியிருந்தார். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தலை இலைகளுக்குள் நுழைந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அந்தத் தண்ணீரிலேயே மரியதாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாடியிலிருந்து சிஸ்டர் குரல் கொடுத்தார்: "நான் மொதல்லயே அங்கதானே வைக்கச் சொன்னேன்?"

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும், அது கோயில் குதிரையாகவே இருந்தாலும், மார்பில் ஒரு வளையம் வைத்துத்தான் கொடுக்கிறேன்.